ஜெனரல் பெக்வித் சொன்ன ஒரு வரி

— வண்டில ஏறு கார்மேகம். எல்லாரும் ஏறி உக்காந்தாச்சு, டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு.

— நான் வரல பாய். நீங்க போங்க.

— வரலன்னா? இந்தத் துபாய் அல் கூஸ்ல, ஸ்டூடியோ குடோன் வாசல்ல நின்னு என்ன செய்யப் போறே? லேபர் கேம்ப்புக்கு நடந்தே வருவியோ?

— கேம்ப்புக்கு எதுக்கு வாரேன்? எனக்குத்தான் ரிலீஸ் ஆயிருச்சே.

— என்ன ஆயிருச்சு?

— ரிலீஸ். மத்தியானம் கேமரா முன்னாடி நின்னு சொன்னேன்ல. நீங்கதான பக்கத்துல நின்னு, சொல்லு கார்மேகம், ரிலீஸ்னு சொல்லு, ஜல்தி சொல்லுன்னீங்க. பேரச் சொன்னேன், ரிலீஸ்னேன். அந்த டைரக்டர் கையக் குலுக்கி தேங்க்யூன்னாரு. அம்புட்டுத்தான். கம்பெனிக்கும் எனக்கும் இனி ஒண்ணுமில்ல.

— யா அல்லாஹ்.

— பாஸ்போர்ட்டு ஒங்க பையிலதான் இருக்கு. காலையில ஸ்டூடியோவுக்குள்ள போக பாஸ் போடணும்ண்டு எல்லார்தையும் ஆபீஸ்லருந்து எடுத்தாந்தீங்க. என்னத மட்டும் குடுத்துருங்க பாய். ஷார்ஜா போயி திருச்சிக்குப் பிளைட்டு ஏறிக்கிறேன்.

— ஃபாரூக், நீங்க வண்டிய எடுங்க. நான் இவனைப் பிக்கப்புல கூட்டிட்டு வாறேன். ஒண்ணுமில்ல, இவனுக்கு வயித்தால போவுதாம். ஆமா. யல்லா, போங்க போங்க.

— எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு.

— வாய மூடு. ஃபாரூக் காதுல விழுந்தா முதலாளி காதுல விழுந்த மாதிரி. சொல்லு, இந்த ரிலீஸ் விஷயத்தை வேற யார்ட்டயாவது உளறுனியா?

— ஒருத்தர்ட்டயும் சொல்லல. எம் பொண்டாட்டிக்கு மட்டும் போன் போட்டேன்.

— சீதாலட்சுமிக்கா? பஹ்ரைனுக்கா?

— ஆமா, ஈசா டவுனுக்கு. சாப்பாட்டு நேரத்துலயே சொல்லிட்டேன்.

— சொல்லி?

— ஒங்களுக்குத் தெரியாததா பாய். அவளுக்கு இன்னைக்கோட அக்ரிமெண்டு முடியிது. ஜெயபாரதி மேடம், அவ வேலை பாக்குற வீட்டம்மா, ஒரு வாரமாக் கேட்டுக்கிட்டு இருக்காக. இன்னும் ரெண்டு வருசம் இருக்கியா, ஊருக்குப் போறியா, இன்னைக்குள்ள சொல்லு, இல்லாட்டி வேற ஆளு எடுக்கணும்ண்டு. சீதா என்ன சொன்னா? ஒங்களுக்கு ரிலீஸ் கிடைச்சா நானும் கிளம்பி வந்துர்றேன், ரெண்டு பேரும் ஒரே வீட்டுல கிடப்போம். கிடைக்கலேண்டா நான் மட்டும் போயி சுவத்தப் பாத்துக்கிட்டு என்ன செய்ய, இங்கயே இருந்துக்கிறேன்ண்டா. அதான் சொன்னேன், கேமரா முன்னாடி நின்னு சொல்லி ரிலீஸ் ஆயிருச்சு, மேடத்துக்கிட்ட இனி இருக்கலேண்டு சொல்லிரு தாயீண்டு.

— அவ என்ன சொன்னா?

— அப்படியாண்டா. மேடம் வீட்டுப் பாப்பா அழுகுது, அப்புறம் பேசுறேண்டு வச்சுட்டா.

— கார்மேகம், இப்படி வா. இந்தப் பலகை மேல உக்காரு. நான் சொல்லுறதக் கொஞ்சம் பொறுமையாக் கேளு. அது அந்த ரிலீஸ் இல்லப்பா.

— எந்த ரிலீஸ் இல்ல?

— நீ நெனைக்கிற ரிலீஸ் இல்ல. கஃபீல், அதான் விசா போட்ட முதலாளி, குடுக்குற ரிலீஸ் வேற. சினிமாக்காரன் ரிலீஸ் வேற.

— என்ன பாய் நீங்க. இன்னைக்குப் பூரா நாம எடுத்த படமே அதைப் பத்தித்தான? அந்த ஜெனரலுக்கு ஒரு வரி போதும்னா எனக்கு மட்டும் போதாதா?

— ஜெனரலுக்கும் உனக்கும் என்னப்பா சம்பந்தம்?

— அப்ப நீங்க கதையவே கேக்கல.

— எங்க கேட்டேன்? இவனை இங்க நிக்கச் சொல்லு, அவனை அங்க ஓடச் சொல்லுன்னு கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. ஜெனரலாவது கர்னலாவது.

— மேக்கப் போட்ட தம்பி அக்ஷய் ஹிந்தில பூராவும் சொன்னான். நான் சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் நீங்களே சொல்லுங்க.

— சொல்லு. ஆனா சுருக்கமாச் சொல்லு.

— அமெரிக்காவுல தெக்குச் சீமை. அங்கன பெக்வித்துண்டு ஒரு பெரிய மனுசன். கண்ணுக்கு எட்டுன மட்டும் அவன் பருத்திக்காடுதான். காட்டுல வேலை பாக்குறதெல்லாம் கறுப்பு ஆளுக. கூலிக்கு வந்தவுக இல்ல பாய், சந்தையில மாடு பிடிக்கிற மாதிரி பல்லப் பாத்து வாங்குன ஆளுக. அவுக பெத்த பிள்ளையும் அவன் சொத்து. கைக்குக் காசு வேணும்ண்டா புருசனை ஒரு ஊருக்கும் பொண்டாட்டிய இன்னொரு ஊருக்கும் வித்துப்புடுவானாம். அந்தத் தம்பி இதைச் சொன்னப்ப எனக்குச் சீதா ஞாபகம் வந்துருச்சு. நம்மள யாரும் விக்கல, நாமளாத்தான் ஏஜெண்ட்டுக்கு நடந்து போனோம். இருந்தாலும் வந்துச்சு.

— ம்.

— வடக்க இருந்த சர்க்காரு, இனி புது ஊர்களுக்கெல்லாம் இந்த அடிமை யாவாரத்தக் கொண்டு போகக்கூடாதுண்டு சொல்ல ஆரம்பிச்சுச்சு. தெக்க இருந்தவுகளுக்கு ரோசம் வந்துருச்சு. நாங்க தனி நாடு, எங்களுக்குத் தனிக்கொடிண்டு பிரிஞ்சுட்டாக. கான்ஃபெடரேட்டுண்டு பேரு. பெக்வித்துக்குப் பணம் இருக்கு, மீசை இருக்கு, குதிரை ஓட்டத் தெரியும். ஒரு படையக் கையில குடுத்து ஜெனரல் ஆக்கிட்டாக. நாலு வருசம் மல்லுக்கட்டுனான். வீரந்தான், இல்லேங்கல. தொடையில குண்டு பாஞ்சும் குதிரைய விட்டு இறங்கலையாம். ஆனா எதுக்காக வீரம்? அடுத்தவனக் கட்டி வைக்கிறதுக்கு. கடைசியில தோத்தான். வாளக் கழட்டிக் குடுத்தான்.

— அது நான் பாத்தேன். அந்த வாளு பிளாஸ்டிக்கு.

— அன்னைக்குத்தான் அடிமை வேசம் போட்ட எங்களுக்கு விடுதலை. கேட்டத் திறந்து விட்டாக, எல்லாரும் ஓடுனோம். ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? ஒன் மோர், ஒன் மோர்னு உங்களைத் திரும்பத் திரும்ப உள்ள கூப்புட்டதே நான்தானே.

— சரி, தோத்துப்போனான்ல. சொந்த சர்க்காரையே எதுத்துச் சண்டை போட்ட ஆளு. தூக்குல போட்டிருக்கணுமா இல்லையா? போடல. நீ ஓட்டுப் போடாத, தேர்தல்ல நிக்காதண்டு மட்டும் சொன்னாக. கொஞ்ச நாளு வீட்டுல கிடந்தான். பெறகு மேல ஒரு மனுப் போட்டுட்டு, ஒரு ஆபீசுல போயி நின்னு, கையத் தூக்கி ஒரே ஒரு வரி சொன்னான். இனிமே இந்த சர்க்காருக்கு விசுவாசமா இருப்பேன்ண்டு. கலாஸ். அம்புட்டும் மன்னிச்சாச்சு.

— பொது மன்னிப்பு.

— ஆமா பாய், பொது மன்னிப்பு. இங்க விசா முடிஞ்சு ஒளிஞ்சு கிடக்குறவனுக்கெல்லாம் சர்க்காரு குடுப்பாகளே, அதேதான். அந்தத் தம்பி அந்த வார்த்தையச் சொன்ன உடனே எனக்குச் சுருக்குண்டு புரிஞ்சு போச்சு. வாயால ஒரு வரி சொன்னாப் போதும், பூட்டுத் திறக்கும்.

— திறந்தது அவனுக்குப்பா.

— இருங்க, இன்னும் முடியல. பூட்டுத் திறந்ததும் என்ன செஞ்சான்? கோட்டு மாட்டிக்கிட்டு அரசியலுக்கு வந்துட்டான். ஊரு ஊரா மேடை ஏறுனான். குண்டு பாஞ்ச காலத் தட்டித் தட்டிக் காட்டி, இந்தக் காலு ஒங்களுக்காகப் போனதுண்டு பேசுனான். தோத்த சண்டைய ஜெயிச்ச மாதிரியே பேசுனான். புதுசா ஓட்டு வாங்குன கறுப்பு ஆளுக வரிசையில நிக்க வந்தா, அவன் ஆளுக துப்பாக்கியோட வாசல்ல நின்னாக. ஜெயிச்சு கவர்னர் ஆயிட்டான். ஆனதும் மொதச் சட்டம் என்ன தெரியுமா? முதலாளி குடுத்த வேலைச் சீட்டு இல்லாம எவனாச்சும் ரோட்டுல நின்னா பிடிச்சு உள்ள போடு.

— இங்க பத்தாக்கா அட்டை இல்லாம நிக்கிறவன மாதிரி.

— அதேதான். உள்ள போட்டவன வாடகைக்கு விட்டான். யாருக்கு? அதே பருத்திக்காட்டுக்காரனுக்கு. காலையில நாங்க அடிமை, மத்தியானம் விடுதலை, சாயங்காலம் கோடு போட்ட சட்டையில கைதி. பருத்தி மட்டும் அதே பருத்தி.

— இவ்வளவும் தெரிஞ்சுமா அந்த ஆளு கையப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுதே?

— அது நீங்க நிப்பாட்டுன இடம். மேடையிலருந்து அவன் இறங்கி வருவான், பழைய வேலைக்காரக் கிழவன் ஒருத்தன் ஓடிப்போயி கையப் புடிச்சு, நீதான் எங்க தெய்வம்ங்குற மாதிரி அழணும்ண்டாக. அப்படி ஒருத்தன் அழுதிருப்பானா பாய்?

— எனக்கென்ன தெரியும்? படத்துக்குப் பணம் போடுறது அந்த ஜெனரலோட பேரனுக்குப் பேரனாம். அந்த சீன் இல்லாம படமே வேண்டாம்னுட்டானாம்.

— எனக்கு அழுகை வரலதான். சீதா இன்னைக்கு என்ன சொல்லப் போறாளோண்டு நெனச்சேன். வந்துருச்சு. அழுது முடிச்ச உடனேதான் கேமராவ எம் மூஞ்சிக்கு நேராத் திருப்பி, ரிலீஸ்னு சொல்லச் சொன்னாக. இம்புட்டுப் பேருல எனக்கு மட்டும் ஏன் ரிலீஸ் குடுக்குறாகண்டு யோசிச்சேன். நல்லா அழுதேன்ல, அதுக்குத்தாண்டு நெனச்சேன்.

— கார்மேகம்.

— சொல்லுங்க.

— மத்த எல்லாரையும் முதுகுப் பக்கமாத்தான் எடுத்தாங்க. கவனிச்சியா? மூஞ்சி தெரியுற மாதிரி எடுத்தது உன்னை மட்டும்தான். மூஞ்சி தெரிஞ்சா அந்த ஆளுக்கிட்ட ஒரு சம்மதம் வாங்கணும். நாளைக்கு நீ போயி, என் மூஞ்சிய ஏன் காட்டுனேன்னு கேக்கக்கூடாது பாரு, அதுக்கு. அவங்க தொழில்ல அதுக்குப் பேரு ரிலீஸு. நீ உன் மூஞ்சியத்தான் ரிலீஸ் பண்ணியிருக்கே. உன்னை யாரும் ரிலீஸ் பண்ணல.

— மூஞ்சிக்கா?

— மூஞ்சிக்கு.

— எம் மூஞ்சி எங்க வேணும்ண்டாலும் போகலாம்?

— அமெரிக்கா வரைக்கும் போகலாம்.

— நான் திருச்சிக்குப் போக முடியாது.

— எனக்கு மட்டும் சந்தோஷமா? ஏன்டா அந்த வார்த்தையச் சொல்லச் சொன்னோம்னு இருக்கு. வேற எப்படியாவது சொல்லியிருக்கலாம். சம்மதம்னு சொல்லுன்னு சொல்லியிருக்கலாம். என் வாயில ரிலீஸ்னுதான் வந்துச்சு. உங்க காதுல அந்த வார்த்தை எப்படி விழும்னு தெரிஞ்ச மனுஷன் நான், எனக்கு உரைக்கல பாரு.

— இருங்க, சீதாவுக்குப் போன் போட்டுர்றேன். மேடத்துக்கிட்டச் சொல்லிறாதண்டு சொல்லணும்.

— போடு, போடு. சீக்கிரம் போடு.

— அடிக்குது. எடுக்க மாட்டேங்குறா.

— மறுபடி போடு.

— எடுக்கல. இந்நேரம் சொல்லியிருப்பா பாய். நான்தான சொல்லச் சொன்னேன். அந்தம்மா வேற ஆளுக்குச் சொல்லியிருக்கும். நாளைக்கு இவளப் பிளைட்டு ஏத்தி விட்டுருவாக. ஊர்ல போயி இறங்கி என்னையத் தேடுவா. இம்புட்டு நாளும் கடலுக்கு இந்தப் பக்கமாவது ரெண்டு பேரும் இருந்தோம். என்ன காரியம் செஞ்சேன் நான்.

— அழாதே. வெயில்ல உக்காந்து அழாதே, எல்லாரும் பாக்குறாங்க.

— அந்தப் பையத் திறங்க பாய்.

— கார்மேகம்.

— விசா இன்னும் முடியல, கையில பத்தாக்கா இருக்கு. பாஸ்போர்ட்டு மட்டும் இருந்தா நான் பிளைட்டு ஏறலாம். யாரும் நிப்பாட்ட மாட்டாக. கம்பெனி பெட்டியில வச்சுப் பூட்டியிருக்குறதுதான் ஒரே தடை. இன்னைக்கு அந்தப் பெட்டியே ஒங்க தோள்ல தொங்குது.

— குடுத்துட்டு நான் என்ன பதில் சொல்லுறது? ஒண்ணு குறைஞ்சா கணக்கு என்கிட்டத்தான் கேப்பான். என் பாஸ்போர்ட்டும் அவன் பெட்டிலதான்பா கிடக்கு. நான் கேம்ப் பாஸு, உங்களுக்கெல்லாம் மேலாளுன்னு பேருதான். அஜ்மான்ல என் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க விசா எல்லாம் இந்தக் கம்பெனி மேலதான் நிக்குது. மூத்த பொண்ணு சப்ரீனா இந்த வருஷம் பன்னெண்டாவது. என்னைத் தூக்கிப் போட்டா நாலு உசுரு நடுத்தெருவுல நிக்கும். உனக்கு ஒரு பூட்டு. எனக்கு வீடே பூட்டு.

— தெரியும்.

— தெரிஞ்சுமா கேக்குறே?

— பாய், கோவிச்சுக்கக் கூடாது. ஒண்ணு சொல்லவா? இன்னைக்கு ஒரு ஆளு குறையுதுண்டு ஒங்களயும் நடிக்க விட்டாகள்ல.

— நடிப்பாவது ஒண்ணாவது. ஒரு தொப்பியக் குடுத்து, கட்டைத் துப்பாக்கியக் குடுத்து, கேட்டுக்கிட்ட நில்லுன்னான். நின்னேன்.

— அடிமைக் காட்டுக்குக் காவலா நின்னீங்க. ஓட்டுப் போட வந்தவுகள விரட்ட நின்னீங்க. கைதிக் காட்டுக்கும் நீங்கதான் நின்னீங்க. ஜெனரல் தோத்தான், மன்னிப்பு வாங்குனான், கவர்னர் ஆனான். எங்களுக்குக்கூட சட்டை மாறுச்சு. ஒங்களுக்கு மட்டும் தொப்பி மாறவே இல்ல பாய்.

— நீ என்னைக் குத்திக் காட்டுறே.

— இல்ல பாய். சத்தியமா இல்ல. தூரத்துலருந்து பாத்தப்ப பாவமா இருந்துச்சு. அதான் சொன்னேன்.

— பாவமா.

— ஆமா. நாங்களாவது கேட்டத் திறந்தா ஓடுனோம். கேட்டத் திறந்து விட்ட நீங்க அங்கனயே நின்னீங்க.

— நீ கொஞ்சம் பேசாம இரு.

— சரி.

— என்னையும் ஒரு வார்த்தைக்கு ஆட்டி வைக்கிறீங்களே எல்லாருமா. இந்தா. தள்ளி நில்லு, கேமரா இருக்கும். அன்பரசன்... இது இல்ல. இதுவும் இல்ல. இந்தா, இதுதான். மூஞ்சியப் பாரு, எந்தக் காலத்துல எடுத்த போட்டோ. புடி.

— பாய்.

— உள்பையில வை. நாளைக்கும் ஷூட்டிங் இருக்கு, ஸ்டூடியோக்காரன் பாஸுக்காக வச்சுக்கிட்டான்னு சொல்லிக்கிறேன். நாளன்னைக்குக் கேப்பான். கேக்கும்போது அல்லாஹ் ஒரு பதிலைத் தருவான். ஷார்ஜாவுல எங்க ஊருப் பையன் டிக்கெட் கடை வச்சிருக்கான், அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறேன். ராத்திரி பிளைட்டுக்குப் போயிரு. கேம்ப்புல கிடக்குற உன் பெட்டிய மறந்துரு.

— பெட்டியில என்ன இருக்கு. பாய், ஒங்க கால்ல...

— குனியாதே. நிமிரு. நீ இன்னைக்கு ஒரு ஆளு கையப் புடிச்சு அழுததே போதும். உன் போன் அடிக்குது பாரு.

— சீதாதான். ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களும் கேளுங்க. தாயீ, சொல்லு.

— பாப்பாவக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேங்க. கையெல்லாம் சோப்பு, எடுக்க முடியல. எதுக்கு இத்தனை தடவை போட்டுருக்கீக?

— மேடத்துக்கிட்டச் சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன்.

— நல்லதாப் போச்சு. இப்பத்தான் உசுரே வந்துச்சு. கேளு, மத்தியானம் நான் சொன்னது தப்பாப் போச்சு, அது வேற ரிலீஸாம். ஆனா இப்ப நெசமாவே ஆயிருச்சு. பாஸ்போர்ட்டு எங்கையில இருக்கு. சாதிக் பாட்ஷா பாய் குடுத்துட்டாரு, பக்கத்துலதான் நிக்காரு. ராத்திரி பிளைட்டுக்கு நான் போறேன். நீ நாளைக்கோ மறுநாளோ வந்து இறங்கு, ஏர்போர்ட்டுல நான் நிக்கிறேன். கேக்குதா தாயீ?

— கையில இருக்கா?

— உள்பையில இருக்கு. நெஞ்சுல இடிக்குது.

— அய்யோ. என்னங்க, போன வருசம் பாப்பா பள்ளிக்கூடத்து விழாவுல வீடியோ எடுத்தப்ப என்னையும் ரிலீஸ்னு சொல்லச் சொன்னாக. நானும் நம்பித் துணியெல்லாம் மடிச்சு வச்சேன், அது மூஞ்சிக்குண்டு மேடம்தான் பெறகு சொன்னாக. நீங்க மத்தியானம் அம்புட்டுச் சந்தோசமாச் சொன்னப்ப அதை உடைக்க எனக்கு வாயி வரல. ஒங்களால வர முடியாதுண்டு தெரிஞ்சுதான் மேடத்துக்கிட்ட, இன்னும் ரெண்டு வருசம் இருக்கேண்டு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.